அரை நொடிக்குள் இரண்டு கைகள்

கிளிக்கிங் பிரஸ் என்றால் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய துண்டுகளைத் தோலிலிருந்து வெட்டி எடுக்கும் இயந்திரம் அது. மேஜையில் தோலை விரித்து, அதன்மேல் டையை வைக்க வேண்டும். டை என்பது துண்டின் வடிவத்துக்கே வளைத்து, அடிப்பக்கம் கூராக்கிய இரும்புப் பட்டை. இயந்திரத்தின் கையை இழுத்து டைக்கு மேலே கொண்டுவந்து பொத்தானை அழுத்தினால், அந்த இரும்புக் கை பல டன் அழுத்தத்தோடு இறங்கும். டை தோலுக்குள் போகும். ஒரு துண்டு தயார். அடுத்தது.

இயந்திரக் கையின் பிடியில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் அழுத்தினால்தான் கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் டையின்மேல் இருக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினபடியே கட்டிப்போட்டுவிட்டால் மற்றதை மட்டும் அழுத்தி வேலையை ஓட்டலாம். அந்த ஓட்டையை அடைப்பதற்காக மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது. அதுதான் நேரம். இரண்டு கைக் கட்டுப்பாட்டுக்கென்று ஐ.எஸ்.ஓ 13851 என்றொரு தரநிலை இருக்கிறது. அதில் மூன்றாம் வகைக்குச் சொல்லப்பட்டிருப்பது இது: ஒரு பொத்தானை அழுத்திய அரை நொடிக்குள் மற்றதையும் அழுத்த வேண்டும், ஒரு முறை இறங்கிய பிறகு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த முறை இறங்கும். கட்டிப்போட்ட பொத்தான் விடுபடவே விடுபடாது. எனவே இயந்திரம் அசையாது.

நான் பிழைப்புக்கு எழுதுவது இந்த மாதிரி அரை நொடிகளைத்தான். இயந்திரங்களின் கட்டுப்பாட்டு போர்டுக்குள் ஓடும் மென்பொருள் என் வேலை. என் அம்மா இருபது வருடத்துக்கும் மேலாக ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். ஊருக்கு வந்தால் தெருவில் பாதிப் பேர் "பெங்களூர்ல கம்ப்யூட்டர்ல இருக்குது" என்பார்கள். இன்ன கம்ப்யூட்டர் என்று கேட்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை, எதிர்வீட்டு அக்காவின் கை பிரஸ்ஸில் மாட்டிக்கொள்ளும் வரை.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் தகரக் கூரை போட்ட ஜாப் ஒர்க் ஷெட் அது. ஏழு பெண்கள். கம்பெனிகளிலிருந்து லைனிங் வரும். வெட்டி, எண்ணி, கட்டி அனுப்ப வேண்டும். கூலி பீஸ் கணக்கு. பெரிய கம்பெனிகளில் கட்டிங் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கும். தையலும் ஸ்கைவிங்கும் மடிப்பும் பெண்கள் கையில். சின்ன ஷெட்டுகளில் இந்தப் பிரிவினை தளர்ந்துவிடுகிறது. சமத்துவம் வந்துவிட்டதால் அல்ல. ஆண் கட்டர் கேட்கும் கூலியை ஷெட்காரர் கொடுக்க விரும்பாததால்.

பிரஸ் பழையது, ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டியது. இடது பொத்தான்மேல் ஒரு தோல் துண்டை மடித்து வைத்து ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்படித்தான் இருந்ததாம். வலது கையால் பொத்தான், இடது கையால் டை. அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நூறு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது இடது கை சும்மா ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டிருப்பது நஷ்டம். ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்குப் போகும் முன் கடைசி அடுக்கில், டையை நேராக்கிக்கொண்டிருந்த இடது கை விலகுவதற்குள் வலது கை அழுத்திவிட்டது. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் ஒவ்வொரு கணு போயிற்று.

ஷெட்காரர் சொன்னது ஒரே வார்த்தை. கவனக்குறைவு. அக்காவின் கணவரும் அதையே சொன்னார். "போன்ல பேசிக்கினே வேலை செஞ்சிருப்பா" என்று தெருவில் ஒரு பேச்சு. அக்காவிடம் அன்றைக்குப் போனே இல்லை, அது மகனிடம் இருந்தது. என் அம்மா மட்டும்தான் வேறு மாதிரி கேட்டார். "அது கட்டிக்கீதுன்னு அந்த மெஷினுக்குத் தெரியாதா? அது ஏன் ஒத்துக்கிச்சு?"

இந்தக் கேள்வியைத்தான் என் துறையில் நாங்கள் காசு வாங்கிக்கொண்டு கேட்கிறோம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது பிரஸ்ஸின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பொத்தான்களையும் ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தார்கள். வேறு எதுவும் இல்லை. ஒன்றைக் கட்டிவிட்டால் அது வெறும் ஒயர். எது எப்போது அழுத்தப்பட்டது என்று எண்ணுகிற எதுவும் அந்த இயந்திரத்துக்குள் இல்லை. அதற்கு இரண்டு பொத்தான்கள் இருந்தன, ஆனால் நேரம் இல்லை.

எங்கள் துறையில் ரியல் டைம் என்றால் வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். வேகம் அல்ல. குறித்த நேரத்துக்குள் பதில் வருமா, எந்த நிலைமையிலும் வருமா என்பதுதான். சினிமா பார்க்கும்போது படம் ஒரு நொடி நின்றால் எரிச்சல்தான் வரும். காரின் காற்றுப்பை ஒரு நொடி தாமதமாக விரிந்தால், அது விரியாததற்குச் சமம். இரண்டாவது வகையில் தாமதமான சரியான பதில் என்று ஒன்று கிடையாது. அந்த வகைக்காகத்தான் நிகழ்நேர இயங்குதளங்கள் இருக்கின்றன. எந்த வேலை முதலில், எது காத்திருக்கலாம் என்று அவை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும்.

அந்த இயங்குதளத்துக்கு நாடித்துடிப்பு மாதிரி ஒரு டிக் உண்டு. பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு முறை ஒரு எண் ஒன்று கூடும். இடது பொத்தானை அழுத்தியபோது அந்த எண் என்ன, வலது பொத்தானை அழுத்தியபோது என்ன, வித்தியாசம் ஐந்நூறுக்கு மேலா கீழா. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இந்தச் சின்னக் கணக்கில் வழுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர். அந்த எண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 32 பிட்டில் எண்ணினால் 4,294,967,295 வரை போய், அடுத்த டிக்கில் பூஜ்யமாகிவிடும். மில்லி நொடியில் இது 49 நாளும் 17 மணி நேரமும். "அழுத்திய நேரத்தோடு ஐந்நூறைக் கூட்டு, இப்போதைய நேரம் அதைத் தாண்டிவிட்டதா பார்" என்று எழுதினால் 49 நாள் ஒழுங்காக ஓடும்; ஐம்பதாவது நாள் ஒரு கணத்தில் தப்பாகும். "இப்போதைய நேரத்திலிருந்து அழுத்திய நேரத்தைக் கழி, மிச்சம் ஐந்நூறா பார்" என்று எழுதினால் எந்நாளும் தப்பாகாது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்குக் கிளம்பியவள் ஒரு மணிக்கு வந்தால், ஒன்று பதினொன்றைவிடச் சின்ன எண் என்று யாரும் குழம்புவதில்லை, இரண்டு மணி நேரம் என்று வட்டத்தில் எண்ணிவிடுகிறோம். அதே மாதிரிதான். இரண்டும் ஒரே கணக்கு போலத்தான் தெரியும். (எங்கள் ஊர் ஷெட்டுகளில் எந்த எண்ணும் 49 நாள் ஓடாது. மின்வெட்டு அதற்கு முன்பே பூஜ்யமாக்கிவிடும்.)

2004 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் வானத்தில் இருந்த விமானங்களோடு பேச முடியாமல் போயிற்று. மூன்று மணி நேரத்துக்கு மேல். அங்கே இருந்த குரல் தொடர்பு அமைப்பின் கணினிக்கு இதே 49 நாள் நோய். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், முப்பது நாளுக்கு ஒரு முறை ஒரு டெக்னீஷியன் கையால் நிறுத்தித் திரும்பப் போடுவது. அந்த முறை அது விட்டுப்போயிற்று. மாற்று அமைப்பும் சேர்ந்து விழுந்தது. அதிகாரிகள் சொன்னது, மனிதத் தவறு. எண்ணத் தெரியாத ஓர் இயந்திரத்தை வாங்கி, அதன் கணக்கை ஒரு தொழிலாளியின் ஞாபகத்தில் மாட்டிவைத்தவர்கள், ஞாபகம் தவறியபோது தொழிலாளியைக் காட்டினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் நடந்தாலும் ஆம்பூர் ஷெட்டில் நடந்தாலும் விரல் ஒரே திசையில்தான் நீள்கிறது.

போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டிலும் இப்படி ஓர் எண் இருந்தது, 248 நாளில் நிரம்பிவிடும். 2015-இல் அமெரிக்க விமானத் துறை, குறிப்பிட்ட இடைவெளியில் மின்சாரத்தை முழுக்க அணைத்துப் போடுங்கள் என்று உத்தரவிட்டது. விமானத்துக்கு ஓய்வு கட்டாயம் என்று ஒரு அரசாங்க ஆணை. அதைப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. ஷிப்மென்ட் நெருங்கினால் அவை காணாமல் போகும்.

டைமர்களைப் பற்றிப் பேசும்போது அம்மா நினைவுக்கு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ் என்று பரவலாகப் புழங்கும் இயங்குதளம் ஒன்று இருக்கிறது. அதில் மென்பொருள் டைமர்கள் எல்லாவற்றையும் ஒரே ஒரு வேலையாள்தான் பார்த்துக்கொள்ளும். எந்த டைமரின் நேரம் வந்தாலும் அதற்கான காரியத்தை அதே ஆள்தான் செய்ய வேண்டும், ஒவ்வொன்றாக. அதனால் அதன் கையேட்டில் ஒரு கண்டிப்பான விதி: டைமர் காரியத்துக்குள் எங்கும் காத்து நிற்கக் கூடாது. ஒன்று நின்றால் பின்னால் இருக்கும் அத்தனையும் தாமதம். உயிர் சம்பந்தப்பட்ட எதையும் அந்த வரிசையில் நம்பி விடாதே என்பது அனுபவசாலிகளின் எழுதாத விதி.

எங்கள் வீட்டில் தண்ணீர் வரும் நேரம், பால்காரர், தம்பியின் டியூஷன், ஆயாவின் சர்க்கரை மாத்திரை, காலை ஏழு மணிக் கம்பெனி பஸ், எல்லாம் அம்மா என்ற ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் நேரமும் அவருக்குள்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு நேரம் இருந்தது, எண்ணிக்கை இல்லை. அம்மாவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் மொத்த வீடும் தாமதமாகும். திட்டு அவருக்கே விழும். இப்படி ஓர் அமைப்பை மேலதிகாரியிடம் கொண்டுபோனால் "எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொங்கவிட்டிருக்கிறாயே, அது விழுந்தால்?" என்று முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்புவார். உயிர்காக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகளில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் தனித்தனியாக எண்ணும்; ஒன்று மற்றதைச் சரிபார்க்கும்; ஒத்துவரவில்லை என்றால் இயந்திரம் நின்றுவிடும். வீட்டில் அந்த இரண்டாவது சுற்றாக இருக்க வேண்டியவர் ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

சரி, அக்காவின் கைக்கு வருகிறேன். ஏழு பேர் மட்டும் என்பதால் அன்றைக்கு இருந்த தொழிற்சாலைச் சட்டம் அந்த ஷெட்டுக்குள் வரவில்லை. ஈ.எஸ்.ஐ கிடையாது. மிஞ்சியது 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். 2009-இல் திருத்தும் வரை அதன் ஆங்கிலப் பெயரில் இருந்த தொழிலாளி ஓர் ஆண். எண்பத்தாறு வருடம் பெண்களும் அந்த ஆணின் பெயரில்தான் விரலுக்குக் காசு கேட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் உடம்பு ஒரு விலைப்பட்டியலாக இருந்தது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். சுட்டுவிரலில் ஒரு கணு 9. நடுவிரலில் ஒரு கணு 7. அக்காவுக்குப் பதினாறு. வயது 40, மாதக் கூலி 9,000 என்று வைத்துக்கொண்டால், கூலியில் அறுபது சதவீதம் எடுத்து, அந்த வயதுக்கான 184.17 என்ற எண்ணால் பெருக்கி, அதில் பதினாறு சதவீதம். ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். இது சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்புக்கு மட்டும். அக்காவால் இப்போது மகளுக்குப் பின்னல் போட முடியவில்லை. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியவில்லை. வெங்காயத்தைப் பிடித்து நறுக்கினால் நழுவுகிறது. இவற்றுக்கு அட்டவணையில் சதவீதம் இல்லை, கூலி இல்லாத வேலை என்பதால் அவற்றில் இழப்பும் இல்லை.

அந்தத் தொகையும் சும்மா வந்துவிடாது. அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பாதுகாப்புக்காக வைத்த தடுப்பையோ சாதனத்தையோ, அது எதற்கு என்று தெரிந்தே, தொழிலாளி வேண்டுமென்று அகற்றினாலோ பொருட்படுத்தாமல் விட்டாலோ, உயிரிழப்போ முழு முடக்கமோ அல்லாத காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை. ஷெட்காரரின் வக்கீல் பிடித்துக்கொண்டது இதைத்தான். இரண்டாவது பொத்தான் பாதுகாப்புச் சாதனம். அது கட்டப்பட்டிருந்தது. கட்டிய பொத்தானோடு அவள் வேலை செய்தாள். ஆகவே அவள் குற்றம். யார் கட்டினார்கள் என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. கட்டாமல் வேலை செய்தால் அந்தக் கூலிக்கு அந்த எண்ணிக்கை வருமா என்பதைப் பற்றியும் பேசவில்லை.

அக்காவுக்குக் கை வைத்தியம் நடந்தது வேலூர் சி.எம்.சி-யில். 1946-இல் அங்கே வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர்தான் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் விரிய வைத்தவர். வலி தெரியாததால்தான் தொழுநோயாளிகளின் கையும் காலும் புண்ணாகின்றன என்று அழுத்திச் சொன்னவர். பிறகு அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரில் அவர் ஒரு காரியம் செய்து பார்த்தார். வலிக்குப் பதிலாகக் கையுறையில் அழுத்தமானிகளை வைத்து, கை ஆபத்தான அளவு அழுத்தினால் எச்சரிக்கும் ஏற்பாடு. தோற்றுவிட்டது. முக்கியமான வேலை ஏதாவது கையில் இருந்தால் நோயாளிகள் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். அணைக்கும் வசதி ஆளின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால்தான் வலி வேலை செய்யும் என்று அவருக்குப் புரிந்தது.

எங்கள் துறையின் அடிப்படைப் பாடமும் இதுதான். ஆனால் பிராண்டின் நோயாளிகளையும் அக்காவையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. கார்வில்லில் எச்சரிக்கையை அணைத்தவர் தன் வேலையைத் தான் முடிப்பதற்காக அணைத்தார். ஆம்பூரில் பொத்தானைக் கட்டியது பீஸ் கணக்கு. அதற்குக் கை இல்லை என்பதால் அதைக் கூண்டில் ஏற்ற முடியாது.

நான் இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி இழப்பீட்டு ஆணையரிடம் மனுவோடு சேர்க்கச் சொன்னேன். அதில் கோபம் எதுவும் இல்லை, படம்தான் இருந்தது. ஒயர் எப்படிப் போகிறது, நேரத்தை எண்ணும் சுற்று இருந்தால் எப்படிப் போகும். கட்டினால் இயந்திரமே நின்றுவிடும்படி செய்ய முடியும், அதற்கான ரிலே சில ஆயிரம் ரூபாயில் கடையில் கிடைக்கும், இந்தத் தொழிலுக்கு அது புதிதல்ல. ஒரு ரப்பர் பட்டையால் தோற்கடிக்க முடிகிற ஒன்றைப் பாதுகாப்புச் சாதனம் என்று அழைத்துவிட்டு, அதை மீறினாள் என்று அவளைச் சொல்ல முடியாது. விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "இது இருந்திருந்தா நிச்சயமா இறங்கியிருக்காதா?" இறங்கியிருக்காது என்றேன். என் வேலையில் இவ்வளவு திட்டமாக எதையும் சொல்லும் வாய்ப்பு அபூர்வம்.

இழுத்தடித்து, கடைசியில் ஷெட்காரர் சமரசத்துக்கு வந்தார். சட்டக் கணக்கு சொன்ன தொகை முழுதும் வரவில்லை. ஆனால் வந்தது. அக்கா அதில் முதலில் அடகு வைத்த கம்மலை மீட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு விஷயத்துக்குக் குறைவே இல்லை, பதிவேடு. அம்மா வேலை செய்த ஒரு கம்பெனியில் வெளிநாட்டு பிராண்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் எல்லாருடைய கையெழுத்தும் வாங்குவார்கள். பாதுகாப்புப் பயிற்சி நடந்தது, கையெழுத்து. பாலியல் புகார்களை விசாரிக்க 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைத்த உள் குழு கூடியது, கையெழுத்து. அம்மா அந்தக் குழுவில் உறுப்பினர் என்பதே அவருக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

வாட்ச்டாக் டைமர் என்று எங்களிடம் ஒன்று உண்டு. அது தனியாகக் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே இருக்கும். மென்பொருள் குறித்த இடைவெளியில் வந்து "உயிரோடு இருக்கிறேன்" என்று அதை மீட்டுவிட வேண்டும். வரவில்லை என்றால் மென்பொருள் எங்கோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். அது முழு அமைப்பையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கும். இதில் கற்றுக்குட்டிகள் செய்யும் ஒன்று இருக்கிறது. முக்கியமான வேலை நடக்கும் இடத்திலிருந்து மீட்டுவதற்குப் பதிலாக, டிக் வரும் இடத்திலேயே அந்த மீட்டலை வைத்துவிடுவார்கள். டிக் எப்போதும் வரும். உள்ளே முக்கியமான வேலை செத்துக் கிடந்தாலும் வரும். காவல் நாய்க்குப் பிஸ்கட் நேரத்துக்கு விழுந்துகொண்டே இருக்கும், அது குரைக்கவே குரைக்காது. ஆடிட்டுக்கு முந்தின நாள் கையெழுத்து என்பது அந்தப் பிஸ்கட்தான்.

வாட்ச்டாக்கில் இன்னும் கண்டிப்பான வகை ஒன்று இருக்கிறது. அதில் தாமதமாக வந்தாலும் தவறு, சீக்கிரம் வந்தாலும் தவறு. ஒரு ஜன்னல் திறந்திருக்கும் நேரத்துக்குள்தான் மீட்ட வேண்டும். வழக்கத்தைவிட வேகமாக ஒரு வேலை முடிந்தால், செய்ய வேண்டியது எதையோ தாண்டிக் குதித்து வந்திருக்கிறது என்றுதான் பொருள், உடனே நிறுத்திவிடு. இந்த வகையைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன். அம்மாவின் லைனில் டார்கெட் தவறினால் எல்லார் முன்னாலும் திட்டு. டார்கெட்டைத் தாண்டினால் கைதட்டல், அடுத்த வாரம் டார்கெட் ஏறும். இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது, எதை விட்டாய், தண்ணீர் குடித்தாயா, பாத்ரூம் போனாயா என்று எந்த சூப்பர்வைசரும் கேட்டதில்லை. ஊசி விரலில் ஏறியவர்களில் பாதிப் பேர் அந்த வாரம் டார்கெட்டைத் தாண்டியவர்கள் என்பார் அம்மா. அது அவருடைய கணக்கு, எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது.

ஷெட்டில் இப்போது அந்த ரிலே மாட்டியிருக்கிறது. நான்தான் ஒரு சனிக்கிழமை எலெக்ட்ரீஷியனோடு போய் நின்று மாட்டவைத்தேன். பிறகு ஒரு பொத்தானை ரப்பர் பட்டையால் கட்டிவிட்டு மற்றதை அழுத்தினேன். இறங்கவில்லை. இரண்டையும் ஒரு நொடி இடைவெளியில் அழுத்தினேன். இறங்கவில்லை. ஏழு பெண்களும் ஒவ்வொருவராக வந்து கட்டிப் பார்த்தார்கள், ஏமாற்றப் பார்த்தார்கள். ஒருத்தி முழங்கையால் ஒரு பொத்தானை அழுத்தினாள். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். பொத்தான்களைச் சுற்றி வளையம் போட்டு, முழங்கை நுழையாதபடி வைத்திருந்தோம். சிரிப்பும் சத்தமுமாக இருந்தது.

சிரிக்காதவள் இப்போது பிரஸ்ஸில் வேலை செய்யும் பெண். இருபது வயது இருக்கும். அவள் கேட்டாள், "அக்கா, ரெண்டு கையையும் எடுத்து எடுத்து வெச்சா, ஒரு நாளைக்கு எவ்ளோ கம்மியாவும்?"

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நொடி கூடுகிறது என்று வைத்தால், 1,800 வெட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் இதுவரை இடது கையிலிருந்து எடுக்கப்பட்டது. இனி அவளுடைய கூலியிலிருந்து எடுக்கப்படும். அவளுக்கு முன்னால் இருக்கும் வழி எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்குரூ டிரைவர் தெரிந்த ஒருவனைக் கூட்டிவந்து ரிலேயைத் தாண்டி ஒயர் கொடுக்கச் சொல்வது. ஐந்து நிமிட வேலை. ரிலேயை நான் பூட்டு போட்ட பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், ஆனால் பூட்டின் சாவி ஷெட்காரரிடம்.

அதனால் அன்றைக்கு நாங்கள் டைமரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, நூறு பீஸுக்கு எவ்வளவு கூட்டிக் கேட்பது என்று பேசினோம். அம்மா வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரத்தை நூறு பீஸுக்குப் பிரித்து, எட்டு மணி நேரத்துக்கு வரும் கூலியோடு வைத்து, என் போனில் கணக்குப் போட்டுச் சொன்னேன். இரண்டு கணு இல்லாத கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் அக்கா. அவர் இப்போது மடிப்பு வேலைக்கு வேறு இடம் போகிறார், இந்த ஷெட்டில் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் வந்திருந்தார்.

ஷெட்காரர் முதலில் கேட்ட தொகையில் பாதி தருவதாகச் சொன்னார். ஏழு பேரும் வேண்டாம் என்றார்கள். கம்பெனியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். கூலி நாள் சனிக்கிழமை.